காவல் இல்லாத சோளம்

நான் பார்த்தது மஞ்சள். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது. அது என்ன மஞ்சள், உண்மையிலேயே தரையில் கிடந்ததா இல்லை என் தலைக்குள் கிடந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், டிரைவருக்கு மனசு வந்தால் பஸ் நிற்கும் என்கிற அளவுக்கு ஓர் ஊர் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர்கள். நான் விமானப்படையில் சேர்ந்து, குண்டு போடும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவன். இரண்டு எஞ்சின், ஒரே ஆள் உட்காரும் விமானம். அம்மா அதை இன்றுவரை வண்டி என்றுதான் சொல்கிறாள். "வண்டி நல்லா ஓடுதா சாமி?" என்று போனில் கேட்பாள், ஏதோ நான் டிராக்டர் வாங்கி வாடகைக்கு விட்ட மாதிரி. ஓடுதும்மா என்பேன்.

சண்டை மூண்டபோது தை மாதம். எல்லைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தளத்துக்கு எங்களை மாற்றியிருந்தார்கள். சண்டை என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் பறந்துகொண்டே இருப்போம் என்று எங்கள் ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் நாங்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தோம். கேரம் விளையாடினோம். ஆறிப்போன சமோசாவைத் தின்றோம். கால்சட்டைக்கு மேல் இறுக்கமான இன்னொரு கால்சட்டை, அதற்கு மேல் பட்டையும் கொக்கியும் என்று பொட்டலம் கட்டி உட்கார வைத்திருந்ததால் ஒன்றுக்குப் போவதுகூடப் பெரிய வேலையாக இருந்தது. ஒருவன் கேலி பேசிக்கொண்டே இருப்பான், ஒருவன் தூங்குவான், நான் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அப்பாவிடமிருந்து வந்த சொத்து.

முதல் தடவை கிளம்பியபோது மேகம் மூடியிருந்தது. இலக்கு கண்ணுக்கும் படவில்லை, கருவிக்கும் படவில்லை. குண்டுகளோடு திரும்பச் சொன்னார்கள். குண்டு தொங்குகிற விமானத்தைத் தரையில் இறக்குவது, தூங்கிவிட்ட குழந்தையைத் தோளிலிருந்து பாயில் விடுகிற மாதிரியான வேலை. இறக்கிவிட்டேன். ஏணியில் இறங்கும்போது ஒரு படி தவறவிட்டேன். மெக்கானிக் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சும்மா திரும்பி வந்தது அவமானமாக இருந்தது. கூடவே, யாரும் தப்பாக நினைக்கக் கூடாது, நிம்மதியாகவும் இருந்தது. இந்த இரண்டில் எது நான் என்று அன்றைக்கே எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த முறை கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், எங்கள் செல்போன்களைத் தளத்தில் வாங்கிப் பெட்டியில் பூட்டுவதற்கு முன்னால், அம்மாவோடு பேசினேன். சண்டை நடப்பது அவளுக்குத் தெரியும். அதில் நான் இருப்பது மட்டும் தெரியாத மாதிரி நடந்துகொண்டாள்.

"சோளம் அடிச்சாச்சு தம்பி. நாளைலேருந்து ரோட்டுல காயப் போடணும். உங்கப்பா பாதி ரோட்டப் புடிச்சு கல்லு வச்சுட்டாரு."

"லாரிக்காரன் திட்டப் போறாம்மா."

"திட்டுனா திட்டட்டும். அவன் திங்கிற கோழிக்கு யாரு தீனி போடுறதாம்?"

எங்கள் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். தை, மாசி வந்தால் பெரம்பலூர்ப் பக்கம் தார்ச் சாலையில் பாதிதான் வண்டிகளுக்கு. மீதிப் பாதி சோளத்துக்கு. கதிரை மிஷினில் விட்டு அடித்து, மணிகளைச் சாலையோரமாக நீளவாக்கில் விரித்து, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கல்லும் முள்ளும் வைத்து, ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிடுவார்கள். ஈரம் இருந்தால் வியாபாரி எடுக்க மாட்டார். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் வந்து சத்தம் போட்டால் அன்றைக்கு மட்டும் ஒரு முழம் உள்ளே தள்ளுவார்கள். அவர்களின் ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் அந்த ஒரு முழம் திரும்ப வெளியே வரும்.

மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் இரண்டு விமானங்களாகப் போனோம். முன்னால் என் நண்பன், ஹரியானாக்காரன். பின்னால் நான். இலக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கிடங்கு. ராணுவத்துடையது என்று சொன்னார்கள், படத்தில் காட்டினார்கள். சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. மரத்தின் தலை உரசுகிற உயரத்தில் போனோம். வேகத்தை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்வதானால், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, இடம் பிடித்து, ஜன்னல் கண்ணாடியோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அரியலூர் வந்துவிடும். அந்த வேகத்தில் கீழே ஊர் தெரியாது, ஆள் தெரியாது. தரை வெறும் கோடுகளாகப் பின்னால் ஓடும்.

கடைசியில் மேலே ஏறி, மூக்கைச் சாய்த்து, எதிரே கண்ணாடியில் தெரிந்த பச்சைக் குறியைக் கிடங்கின் கூரைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். குண்டு கழன்றதும் விமானம் லேசாகத் துள்ளும். துள்ளியது. இடது பக்கம் திருப்பினேன். அப்படித் திருப்பும்போது உடம்பிலிருக்கிற ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கப் பார்க்கும்; அதைத் தடுக்கத்தான் அந்த இறுக்கமான கால்சட்டை, அது ஊதித் தொடையைப் பிடித்துக்கொள்ளும். கழுத்தைத் திருப்புவதே மூட்டை தூக்குகிற வேலை. கஷ்டப்பட்டுத் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தேன்.

கிடங்கின் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சாலை போயிற்று. சாலையின் பாதியில், ஓரமாக, நீளவாக்கில் மஞ்சள்.

"சோளம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். முகமூடிக்குள் என் குரல் எனக்கே கேட்டது. அப்புறம் புகை எழுந்தது. நான் போட்ட குண்டின் சத்தத்தை நான் கேட்டதில்லை. ஓட்டுகிறவனுக்கு அது கேட்காது. சத்தமே இல்லாமல் சுவரும் சாலையும் மஞ்சளும் புகைக்குள் போயின.

திரும்பி வந்ததும் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து எடுத்த படம் வந்தது. கிடங்கு இல்லை. சாலையோரம் எது இருந்ததோ அதுவும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படம். எல்லாம் ஒரே சாம்பல். "இந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ இருந்தது" என்று விரலை வைத்துக் காட்டினேன். நண்பன் முன்னால் போய்விட்டதால் எதையும் பார்க்கவில்லை. ஆனால் கருத்து மட்டும் வைத்திருந்தான். கடுகு பூத்திருக்கும் என்றான். வடக்கே தை மாதத்து மஞ்சள் என்றால் யாரைக் கேட்டாலும் கடுகுதான். "ரோட்டுலயா கடுகு பூக்கும்?" என்று சீறினேன். உளவுப் பிரிவு அதிகாரி மணல் என்றார். இன்னொருவர் தார்ப்பாய் என்றார். அதைச் சோளம் என்று சொல்ல அந்தத் தளத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான், அவன் பெரம்பலூர்க்காரன்.

சோளமாகவே இருக்கட்டும், அதனால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியும்? சோளம் காய்ந்தால் பக்கத்தில் ஆள் இருப்பார்கள். ஆடு வரும், மாடு வரும், காக்கை வரும், மழைகூட வரும். காவலுக்கு ஆள் இல்லாமல் சோளத்தை யாரும் ரோட்டில் போட மாட்டார்கள். அந்தக் கிடங்குக்கும் சண்டைக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் ஆள், அநேகமாக ஒரு பெண், கையில் குச்சியோடு உட்கார்ந்திருப்பாள். என் குண்டு விழுந்த இடத்தில்.

உடனே அடுத்த சந்தேகம் வந்தது. முந்தின நாள்தான் அம்மா சோளம் சோளம் என்று பேசியிருந்தாள். என் மண்டையே அந்த மஞ்சளைக் கொண்டுபோய் அங்கே விரித்துவிட்டதோ? ஒரு நாள் சோளம்தான் என்று சத்தியம் பண்ணத் தயாராக இருப்பேன். மறுநாள் அப்படி ஒரு சாலை இருந்ததா என்பதே குழப்பமாகிவிடும். படத்தை மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

சண்டை சில நாட்களில் நின்றது. ஆனாலும் எந்த நேரமும் மறுபடி கூப்பிடலாம் என்று எங்களைத் தயாராகவே வைத்திருந்தார்கள். பயிற்சியில் பறக்கும்போது நான் கருவிகளைப் பார்க்காமல் கீழே நிறம் தேடிக்கொண்டிருந்ததை என் கமாண்டர் கவனித்துவிட்டார். கூப்பிட்டு உட்கார வைத்து, நான் சொன்ன சோளக் கதையை முழுக்கக் கேட்டார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். திட்டுகிறவராக இருந்தால் நானும் முறைத்துக்கொண்டு போயிருப்பேன்.

"ஊருக்குப் போ. லீவு முடியறதுக்குள்ள எனக்கு ஒரு பதில் சொல்லு. பறக்க முடியும்னா வந்து ஏறு. முடியாதுன்னா சொல்லிடு, உன்னை எடுத்துடறேன். சந்தேகத்தோட மட்டும் ஏறாதே" என்றார். அவர் பேசியது இந்தியில். என் மனதில் பதிந்தது இப்படி.

எடுத்துவிடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு முறை இறங்கியவன் மறுபடி ஏறுவது லேசில்லை. பறப்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு உருப்படியாகத் தெரியாது. வேறெதன் மேலும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதும் கிடையாது. அதனால் ஓய்வெடுக்கும் எண்ணமே இல்லாமல் ஊருக்கு வந்தேன். அந்தச் சோளத்துக்குப் பக்கத்தில் ஆள் இருந்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டும். நிரூபித்துவிட்டால் திரும்பிப் போய் ஏறலாம்.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினால் மாமா மாலையோடு நின்றார். அம்மாவின் தம்பி, எங்கள் ஊரில் எந்த விசேஷமும் அவர் தலையீடு இல்லாமல் நடக்காது. ஊருக்குள் நுழையும் இடத்தில் பிளெக்ஸ் கட்டியிருந்தார். என் முகம், அதற்குப் பின்னால் ஒரு விமானம். வரிசையாக ஜன்னல் வைத்த பயணிகள் விமானம். அதன் வயிற்றிலிருந்து குண்டுகள் கொட்டிக்கொண்டிருந்தன.

"என்ன மாமா இது?"

"நெட்ல மொதல்ல இதான் மாப்ள வந்துச்சு. பாக்க கம்பீரமா இருக்குல்ல?"

இருக்கு என்றேன். சரவெடி போட்டார்கள். டீக்கடையில் ஒருவர், "எத்தன பேரத் தம்பி தூக்குனீங்க?" என்று ஆசையாகக் கேட்டார். "தெரியலீங்க" என்றேன். எவ்வளவு அடக்கமான பையன் பாருங்கள் என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் நாட்டுப்பற்று என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குமேல் அங்கே என்ன சொல்லியும் பிரயோஜனம் இல்லை என்று டீயைக் குடித்தேன்.

நான் நல்லபடியாகத் திரும்பினால் செட்டிகுளம் மலையில் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா முருகனுக்கு வேண்டியிருந்தாள். மறுநாளே போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். இந்தத் தலையில் தொப்பி எப்படி நிற்கும் என்று மாமா ரொம்பக் கவலைப்பட்டார். பொண்ணு போட்டோ கொடுத்து வைத்திருந்த நாலு பேர் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிற திட்டத்தை முடி முளைக்கும்வரை தள்ளிவைத்தார்.

மொட்டைத் தலையோடு என்னை, பிந்தி அடித்த இரண்டாவது வயல் சோளத்துக்குக் காவல் வைத்தார்கள். நாட்டைக் காத்தவன் நாலு மூட்டைச் சோளத்தைக் காக்க மாட்டானா என்பது அப்பாவின் எண்ணம். நான் உட்காரவில்லை, விசாரித்தேன்.

"ஏம்ப்பா, இத சும்மா விட்டுட்டுப் போனா என்ன?"

"ஆடு விடுமாடா?"

"சாப்புடக்கூட போவ மாட்டீங்களா?"

"சாப்பாடு இங்கயே வந்துரும்."

"யாராச்சும் விட்டுட்டுப் போயிப் பாத்திருக்கீங்களா? ஒருத்தராச்சும்?"

"என்னடா இது, போலீஸ்காரன் மாதிரி குடையுற? வெயிலு ஏறுது, காலால கிண்டி வுடு." அப்பா எரிந்து விழுந்தார். அவருக்கும் என்னைப் பார்த்து ஏதோ பயம் வந்திருக்க வேண்டும்.

அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு அரியலூர் பக்கம் கிளம்பினேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆள் இல்லாத சோளம், ஒன்றே ஒன்று பார்த்துவிட்டால் போதும். இங்கே ஒருவர் விட்டுவிட்டுப் போவார் என்றால் அங்கேயும் ஒருவர் போயிருக்கலாம். எந்தக் கோர்ட்டிலும் நிற்காத வாதம். எனக்கு அன்றைக்கு அது நின்றது.

சாலை நெடுகச் சோளம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள். குடை பிடித்துக்கொண்டு ஓர் அம்மா, செல்போனில் சீரியல் பார்த்துக்கொண்டு ஒரு பெண், கயிற்றுக் கட்டிலையே தூக்கிவந்து போட்டுக்கொண்டு ஒருவர். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த முகத்தோடு, பேசாமல், ஆளுக்கொரு பக்கம் காலால் சோளத்தைத் துழாவிக்கொண்டு போன புருஷன் பெண்டாட்டி. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகிற லாரிகள் அவர்களை உரசிக்கொண்டு போயின, ஒருவரும் நகரவில்லை. ஒவ்வொருவரைப் பார்க்கும்போதும் எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்த் தொலையுங்களேன் என்று கத்தலாம் போல இருந்தது.

அரியலூரை நெருங்கும் இடத்தில் கிடைத்துவிட்டது. நல்ல நீளமான விரிப்பு. இந்தப் பக்கம் ஆள் இல்லை, அந்தப் பக்கமும் ஆள் இல்லை. பைக்கை நிறுத்தி இறங்கினேன்.  எதற்கு என்று தெரியாமல் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினேன்.

"ஏய்! யாருடா அது? வையிடா கீழ!"

சாலைக்கு எதிரே இருந்த பம்புசெட்டிலிருந்து ஈரக் கையோடு ஓர் அம்மா ஓடி வந்தார்.

"இல்லீங்கம்மா, சும்மா பாத்தேன்."

"சும்மா பாக்குறவன் எதுக்கு அள்ளுற? ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வந்துட்டான். சாமிக்கு முடி குடுத்துட்டு செய்யிற வேலையாடா இது?"

"நீங்க எப்பவும் இங்கயே இருப்பீங்களாம்மா?"

திருடன் கேட்கிற கேள்வி அது என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. அந்த அம்மா குச்சியைத் தேடினார். நான் பைக்கை உதைத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு ஊர் தள்ளி என் பிளெக்ஸ் இருந்தது. மொட்டையும் அதுவும் பொருந்தாததால் தப்பித்தேன்.

ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போகலாம். அப்படியானால் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தத் துளி நேரத்தில்தான் என் குண்டும் விழுந்தது என்று சொல்ல வேண்டுமே. சொல்லிப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. பாதி வழியில் வேறொரு சமாதானம் கிடைத்தது. சத்தம்! முதலில் நண்பனுடைய விமானம் அந்தக் கிடங்குக்கு மேல் போயிற்று. காதைக் கிழிக்கிற சத்தம் அது. அதற்குப் பிறகுதான் நான். சண்டை நடக்கிற நாட்டில் விமானம் என்றால் என்ன என்று ஜனங்களுக்குத் தெரிந்திருக்கும். சோளமாவது மண்ணாவது என்று எழுந்து ஓடியிருப்பார்கள். கண்டிப்பாக ஓடியிருப்பார்கள். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று என்மேலேயே கோபம் வந்தது. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். கமாண்டருக்கு வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை சோளத்துக்குப் பக்கத்தில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து எப்போதாவது போர் விமானங்கள் எங்கள் ஊருக்கு மேல் போவதுண்டு. தெரிந்த பதிலைத் திரும்ப ஒரு முறை காதால் கேட்டுக்கொள்ளலாம் என்கிற ஆசையில் கேட்டேன்.

"ஏம்மா, மேல ஜெட்டு சத்தம் கேட்டா நீ என்ன பண்ணுவ?"

அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "சொன்னா கிண்டல் பண்ணுவ."

"இல்ல, சொல்லு."

"நடு ரோட்டுல போயி நின்னு கைய ஆட்டுவேன். சண்ட நடந்தப்ப ஒரு நாளு ரொம்பத் தாழ்வா வந்துச்சு. முந்தானையப் புடிச்சு ஆட்டுனேன். நீயா இருந்தா அடையாளம் தெரியும்ல?"

 எழுந்து வேலியோரம் போய் நின்றேன். அம்மா பின்னாலேயே வந்து என்னடா என்னடா என்றாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. கிடங்கு, சாலை, மஞ்சள், புகை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, விதை வாங்கப் போகிற இடத்தில் விசாரிக்கிற மாதிரி விசாரித்தாள்.

"எத்தன மணி இருக்கும்?"

"ஒம்பது."

"பனி வுட்டுருக்கும். விரிச்சிருப்பாங்க. வெயிலு ஏற ஏற கிண்டி வுடணும், அதனால ஆளு..." அதோடு நிறுத்திக்கொண்டாள். என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடுகாவும் இருக்கலாம்மா" என்றேன்.

"ரோட்டுலயா?" என்றாள் அம்மா.

அப்புறம் அவள் திரும்பிப் போய்ச் சோளத்தைக் காலால் கிண்ட ஆரம்பித்தாள். "உனக்குத் தெரியாதுல்ல சாமி? தெரியாததப் போட்டு மனச ஒழப்பிக்காத" என்றாள் கடைசியில். சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அப்பா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு உப்பு அதிகம் என்று சத்தம் போட்டார்.

லீவின் கடைசி நாள். நான் இன்னும் கமாண்டருக்குப் பதில் சொல்லியிருக்கவில்லை. ஓடியிருப்பார்கள், ஓடியிருக்க மாட்டார்கள் என்று இரண்டு பக்கமும் நானே வக்கீலாக நின்று வாதாடி அலுத்துப்போயிருந்தேன். அம்மா குச்சியோடு சோளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் காலால் கிண்டிக்கொண்டிருந்தேன். தெற்கே சத்தம் கேட்டது. எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது: நம்முடைய விமானம்தான், பயிற்சிக்குப் போகிறது, அதனால் ஓர் ஆபத்தும் இல்லை. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கையை ஆட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ஆட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அம்மா குச்சியைப் போட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாடா! வாடா!" என்று கத்திக்கொண்டு சாலையோரப் புளியமரத்தைப் பார்த்து என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். எத்தனையோ தடவை அந்த மாதிரி விமானத்துக்குள் உட்கார்ந்தவன், அதில் ஒன்றும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தவன், நானும் ஓடினேன். மரத்தடியில் அவள் என் மொட்டைத் தலையை உள்ளங்கையால் அழுத்திக் குனிய வைத்தாள். தலைக்கு மேல் சத்தம் கிழித்துக்கொண்டு போயிற்று.  என் அம்மாவுக்கு விமானத்தைக் கண்டால் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான்.

நிமிர்ந்து சாலையைப் பார்த்தேன். பாதிச் சாலையில் மஞ்சள் விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. நான் தேடித் தேடி அலைந்தது கடைசியில் எங்கள் வீட்டுச் சோளத்திலேயே கிடைத்துவிட்டது. எங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு லாரி நிற்கிற இடம்கூட இல்லை. குண்டுக்கு அது ஒரு தூரமே கிடையாது. எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து வாய் வைத்தது. அம்மா அதை விரட்டவில்லை.

அங்கேயே நின்றபடி, இன்னொரு கையால் போனை எடுத்துக் கமாண்டரைக் கூப்பிட்டேன்.

"சார், நான் ஏறலை."

"ஆள் இருந்தாங்கன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல சார். ஒண்ணும் தெரியல."

"அப்புறம் என்ன?"

"ஓடியிருப்பாங்கன்னு நெனச்சேன் சார். ஓடுனாலும் பக்கத்து மரத்தடி வரைக்கும்தான் ஓடுவாங்க."

 சரி, உன்னை எடுத்துவிடுகிறேன் என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"போயிடுச்சாடா?" என்று அம்மா கேட்டாள்.

"போயிடுச்சும்மா."

அவள் நம்பவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என் மணிக்கட்டை விடவில்லை.